செவ்வாய் வகுப்பில் கெட்

தியெப் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய சுங்கக் கட்டடத்தின் மேல்மாடியில்
செவ்வாய்தோறும் ஆறரைக்கு ஆங்கிலம்.
வெள்ளைப் பலகையில் நான் எழுதியது ஒரே சொல்:
கெட்.
தமிழ்க் காதுக்குக்
கெட்டுப்போன ஏதோ ஒன்றின் தலைத்துண்டு.

சில்வேன் கையை உயர்த்தினார்.
லொறி ஓட்டுபவர். எதையும் எடைபோட்டுத்தான் ஏற்றுவார்.
"இதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் கொடுங்கள், மதாம்.
ஒன்றே ஒன்று. எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்."

பெறு என்றேன். எழுதினார்.
ஆகு என்றேன். அடித்துவிட்டு எழுதினார்.
விளங்கிக்கொள், போய்ச் சேர், ஏறு, இறங்கு,
எடுத்து வா, தடிமன் பிடி என்று நான் போக
பேனாவை மூடிவைத்தார்.
"நியூஹேவன் சோதனைச் சாவடியில்
என்னை ஏறச் சொன்னதும் இந்தச் சொல்,
இறங்கச் சொன்னதும் இந்தச் சொல்.
பாதிப் படியில் நின்றேன், மதாம்."
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத்தான் சிரிக்க உரிமை இல்லை.
பால் வாங்குவோம், கடன் வாங்குவோம்,
அடியும் நல்ல பெயரும் அதே கையால் வாங்குவோம்,
படியேறினால் மூச்சு வாங்கும்,
கடல் உள்வாங்கும்,
எல்லாம் வாங்கிக் களைத்துப்போய்
எங்கள் ஊரில் உட்காருவதும் ஒரு வாங்கில்தான்.
இதை இவர்களுக்கு எந்த நேரத்தில் சொல்வது.

வகுப்பு முடிந்தும் ஒதீல் போகவில்லை.
கப்பலில் கபின்கள் துடைப்பவள்,
ப்ளீச்சில் வெளுத்த விரல்நுனிகள்,
அவற்றுக்கிடையே நாலாக மடித்த காகிதம்.
கப்பல் சமையற்கட்டு டெரெக்
வேலையை விட்டுக் கரையேறிய அன்று எழுதித் தந்தது.
யூ வில் கெட் தேர்.

"அங்கே வந்து சேருவாய். அப்படித்தானே?"
டிக்கெட்டே எடுத்துவிட்டிருந்தாள், வரும் சனிக்கிழமைக்கு.
பணியாளர் சலுகை வேண்டாமென்று
முழுக் காசு கொடுத்து, ஒரு பயணியாக.

பிரெஞ்சில் சொன்னேன், மெதுவாக:
து வாஸி அரிவே.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
அந்த மொழியும் அதே இரண்டு கதவையும்
திறந்தேதான் வைத்திருக்கிறது.
முயன்றால் முடியும் என்றும் கேட்கும்,
போய் இறங்குவாய் என்றும் கேட்கும்.
ஒதீல் தலையாட்டினாள்.
தனக்கு வேண்டிய கதவால் போய்விட்டாள்.

தேர் என்ற ஒலியில் எனக்குத் தெரிந்ததோ
வடம் அறுந்து சந்தியில் நின்ற ஒன்று.
விளக்கணைத்துப் படியிறங்கும்போதுதான்
சரியான சொல் வந்தது.
தேறிவிடுவாய்.
காய்ச்சலிலிருந்து உடம்பு தேறும்,
பரீட்சையில் பிள்ளை தேறும்,
போனவர் போனபின் மனமும் தேறும்.
கப்பல் டிக்கெட் தேவைப்படாத சொல்.
இந்தக் கூழாங்கல் கரையில்
அதை மாற்றிக் கொடுக்க ஒரு கடை இல்லை.

அடுத்த செவ்வாய் தாமதமாக வந்தாள்.
சில்வேன் கதிரையை நகர்த்தி இடம் விட்டார்.
சனிக்கிழமை என்ன செய்தீர்கள் என்பது அன்றைய பயிற்சி.
எழுந்து நின்றாள். ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:

ஐ காட் த போட். ஐ காட் சிக்.
ஐ காட் டு த ஹவுஸ்.
ஹிஸ் வைஃப் காட் த டோர்.
ஐ காட் இட்.
ஐ காட் எ டீ, வெரி ஹாட்.
ஐ காட் வெட்.
ஐ காட் பேக்.

திருத்த ஒன்றுமில்லை.
பச்சை மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு
மூடியைத் தேடினேன்.
சில்வேன் விரல்விட்டு எண்ணி முடித்திருந்தார்.
"மொத்தம் எட்டு, மதாம். எல்லாம் பிடிபட்டது.
அந்த ஐந்தாவதற்கு மட்டும் எந்த அர்த்தம்?"

நான் வாய் திறக்குமுன்
ஒதீலே அவர் பக்கம் சாய்ந்து
பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், இரண்டு மூன்று சொல்.

அவர் எழுதிக்கொள்ளவில்லை.